இடியன் துவக்கின் குறி

குறி தவறாமல் சுடுகிறவரைக் கண்டால் அவருடைய கண்ணையும் கையையும் மெச்சுகிறோம். குழல்வாயால் மருந்திட்டு இடித்துச் சுடும் இடியன் துவக்கில் அந்த மெச்சுதலில் பாதி, குழலைக் கழுவி மருந்தை அளந்த பொறுமைக்கு உரியது.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த போரில் முழங்கியவை, குழல்வாயால் மருந்திட்ட துவக்குகளும் பீரங்கிகளுமே. அந்தத் துவக்கு இனம் கோட்டைகளோடு ஒழிந்துபோகவில்லை. ஆனையிறவு தாண்டி வன்னிக்குள் போனால், பன்றியிடமிருந்து பயிரைக் காத்த கமக்காரரின் கையிலும் அது இருந்தது. மருந்து, அடைப்பு, ஈயம்; கம்பியால் இடித்து இறுக்கினால் துவக்கு ஆயத்தம்.

இதில் இடும் கருமருந்து எரியும்போது அதன் நிறையில் பாதிக்கும் குறைவான பங்குதான் வாயுவாகிறது. மிச்சத்தில் ஒரு பகுதி வெண்புகையாய்ப் பறக்கும். மற்றது குழலுக்குள் அழுக்காய் ஒட்டிக்கொள்ளும். அந்த அழுக்கிலுள்ள பொட்டாசியம் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுப்பவை. உப்புக்காற்று வீசும் எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கழுவாமல் வைத்த குழலைத் துரு விரைவில் பிடித்துவிடும்.

அதற்கு எண்ணெய் மட்டும் பூசிப் பயனில்லை. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். துவக்கு வெறுமையாக இருப்பதை முதலில் உறுதி செய்யவேண்டும். பிறகு சவர்க்காரம் கலந்த சுடுநீரில் துணியை நனைத்து, கம்பியில் சுற்றி, துணி வெள்ளையாக வெளியே வரும்வரை துடைக்கவேண்டும். நெருப்பு உள்ளே போகும் சிறு துளையையும் மறக்கக்கூடாது. நன்றாக உலர்ந்தபின் மெல்லிதாக எண்ணெய். அடுத்த முறை சுடுமுன் அந்த எண்ணெயையும் துடைத்துவிடவேண்டும். இல்லாவிட்டால் மருந்து நனைந்து வெடிக்காமல் போகும்.

இனி மருந்தின் அளவு. துவக்கைச் செய்தவர் விதித்த எல்லைக்குள், குறைந்த அளவில் தொடங்குவதே முறை. துவக்கை மண்மூட்டையில் தாங்கவைத்து, ஒரே அளவு மருந்து, ஒரே வகை ஈயக்குண்டு, ஒரே இறுக்கம் என்று சில வெடி சுட்டு, ஒவ்வொன்றுக்கும் இடையில் குழலைத் துடைக்கவேண்டும். இலக்கில் துளைகள் நடுப்புள்ளியில் விழுந்தனவா என்பது அப்போதைக்கு முக்கியமில்லை. நெருங்கி விழுந்தனவா என்றே பார்க்கவேண்டும். மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டும்போது ஓரிடத்தில் துளைகள் நெருங்கும், அதைத் தாண்டினால் மறுபடி சிதறும். நெருங்கிய இடமே அந்தத் துவக்கின் அளவு. அதிகம் முழங்கும் அளவு அதுவாக இருக்கவேண்டியதில்லை. புகையில்லா நவீன மருந்தை இதில் ஒருபோதும் இடக்கூடாது. குழல் வெடித்து ஆளைக் கொல்லக்கூடும்.

இப்படி அளந்து பார்ப்பது புதிதல்ல. இங்கிலாந்தின் பெஞ்சமின் ராபின்ஸ் 1742இல் வெளியிட்ட நூலில், குண்டை ஓர் ஊசலில் மோதவிட்டு அதன் வேகத்தை அளக்கும் வழியை விளக்கினார். ஊகத்தின் இடத்தில் அளவை வைத்த அந்த மனநிலைதான் இத்தகைய துவக்குகளுக்கான இன்றைய சர்வதேசப் போட்டிகளிலும் தொடர்கிறது. அங்கே 30 நிமிடத்தில் 13 வெடி சுடலாம். சிறந்த 10 கணக்கில் சேரும். அவசரப்படுகிறவருக்கு அங்கே இடமில்லை.

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துவக்கை வைத்திருக்கமுடியாது. அந்தக் கட்டுப்பாடு தேவையானது. அதற்கு உட்பட்டு இந்த இடியன் துவக்கைக் கையாளுகிறவரிடம் நான் மதிப்பது இதைத்தான்: அளந்ததும் துடைத்ததும் இடித்ததும் அவரே. குறி தவறினால் வேறு யாரையும் குறைசொல்ல முடியாது. குறி விழுந்தால் அந்தப் பெருமை முழுவதும் அவருடைய உழைப்புக்கே.