சுண்ணாம்புச் சுவரில் ஏறும் நத்தை

சென்ற மழைக்காலத்தில் ஒரு விவசாயி என்னைத் தேடி வந்தார். "சார், வெள்ளையடிச்ச சுவரு பூரா நத்தையா ஒட்டிக்கிட்டிருக்கு. வீட்டுல பயப்படுறாங்க. தோட்டத்துக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றார். போய்ப் பார்த்தேன். கொல்லையில் புதிதாக நட்ட கத்தரி நாற்றில் பாதி வெறும் தண்டாக நின்றது. பாவம், பூச்சி என்று நினைத்து இரண்டு தடவை மருந்தடித்திருக்கிறார்!

இது நம் வயல் நத்தை அல்ல. ஆப்பிரிக்க ராட்சத நத்தை. கூம்பு போன்ற ஓட்டில் பழுப்புப் பட்டைகள் ஓடும். வளர்ந்தால் உள்ளங்கை நீளம் வரும். 1847-இல் பென்சன் என்ற வெள்ளைக்காரர் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் விட்டது, இன்று பல மாநிலங்களில் பரவிவிட்டது. வாழை, பப்பாளி, காய்கறி நாற்று எதையும் விடாது.

சரி, சுவரில் அதற்கு என்ன வேலை? ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்காகப் பூச்சைச் சுரண்டித் தின்கிறது. ராத்திரி மேய்ந்துவிட்டு, வெயில் ஏறியதும் செத்தை, கல் இடுக்கில் பதுங்கிவிடும். ஆகையால் விடியற்காலையில் சுவரிலேயே பிடித்துவிடுங்கள். விட்டால் ஒரு தடவைக்கு நூற்றுக்கு மேல், சில சமயம் 400 வரைகூட முட்டையிடும். மண்ணில் மிளகளவில் வெளிர்மஞ்சள் முட்டைகள் கண்டால் அவற்றையும் நசுக்குங்கள்.

வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். எலியிடமிருந்து தொற்றும் ஒரு நுண்புழு இதன் உடம்பில் இருக்கலாம். அது மனிதனுக்குள் போனால் மூளைக்காய்ச்சல் வரும். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகள் ஓட்டை வைத்து விளையாட வேண்டாம். கீரையை நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

சாயங்காலம் ஈரச் சாக்கை விரித்து, அதன் அடியில் முட்டைக்கோஸ் இலை, பப்பாளி இலை போடுங்கள். காலையில் கூட்டமாக இருக்கும். கெட்டியான உப்புத் தண்ணீரில் போட்டுக் கொன்று, ஆழக் குழிவெட்டிப் புதையுங்கள். அந்தத் தண்ணீரை வயலில் ஊற்றாதீர்கள், மண் கெடும்.

அதிகமாக இருந்தால், 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஒரு லிட்டராகச் சுண்டக் காய்ச்சுங்கள். 60 கிராம் மயில்துத்தத்தை பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, இரண்டையும் கலந்து வடிகட்டிச் சுவரிலும் வரப்பிலும் உள்ள நத்தைமேல் தெளியுங்கள். பயிர்மேல் பட்டால் இலை கருகும். குளத்தில் கலந்தால் மீன் சாகும்.

ஒரு வீட்டுக்காரர் மட்டும் பிடித்தால் பக்கத்துக் கொல்லையிலிருந்து மறுபடி வந்துவிடும். தெருவோடு சேர்ந்து, முதல் மழை விழுந்த வாரமே தொடங்குங்கள். அடைபட்டுக் கிடந்த நத்தையெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.