பல்லும் சொல்லும்

(வாலிபர் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



பல்லுப் போனால் சொல்லுப் போகும் என்பது நம்மவர் வழக்கு. முன்வாய்ப் பல் விழுந்தவருக்குச் சில எழுத்துக்கள் திருத்தமாக வாரா என்பது அதன் நேர்ப்பொருள். இன்று அப்பழமொழியைச் சற்றே திருப்பிச் சொல்ல விரும்புகின்றேன். சொல் இல்லாமையினாலேயே நம்மிற் பலருக்குப் பல் போகின்றது. நோவு வருமுன் வைத்தியரிடம் சென்று சொல்வதில்லை. நோவு வந்தபின் சென்றாலும் கேட்பதில்லை. கதிரையிற் சாய்ந்தவுடனே, "டொக்டர், உதைக் கழற்றி விடுங்கோ" என்ற ஒரு வார்த்தையோடு காரியம் முடிந்துவிடுகின்றது. அந்த ஒரு வார்த்தைக்கு முன்னர்ப் பேசப்பட வேண்டியவை எவை என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பல்லைப் பேணுதல் நமக்குப் புதிய செய்தியன்று. சைவர்களின் நித்திய கருமங்களுள் தந்தசுத்தியும் ஒன்று. ஆறுமுக நாவலர் அவர்களும் அதனைச் சைவப் பிள்ளைகள் கற்க வேண்டிய ஒழுக்கமாக வைத்து எழுதியிருக்கின்றார். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் கொண்டு பல் விளக்கியவர்கள் நம் முன்னோர். ஆயினும் அவர்கள் உண்ட உணவு வேறு. நாம் உண்ணும் உணவு வேறு. ஆதலால் வழக்கத்தை மட்டும் காப்பாற்றினாற் போதாது. நோயின் போக்கையும் அறிந்துகொள்ள வேண்டும்.

வாயில் வரும் பொதுவான நோய்கள் இரண்டு. ஒன்று பற்சூத்தை, மற்றையது முரசு நோய். இவை இரண்டும் வெவ்வேறானவை.

முதலிற் சூத்தையைப் பார்ப்போம். பல்லின்மேற் படியும் பசைபோன்ற அழுக்கிலே கிருமிகள் வாழ்கின்றன. நாம் இனிப்பு உண்ணும்போது அவையும் உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலம் எனாமல் என்னும் வெளிக்கவசத்திலுள்ள சுண்ணச் சத்தைக் கரைக்கின்றது. சற்று நேரத்தில் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கரைந்த சத்தை மெல்ல மெல்ல மீட்டுக் கொடுக்கின்றது. ஆனால், அந்த மீட்சி முடியுமுன் மறுபடியும் இனிப்பு வந்தால் உமிழ்நீர் என் செய்யும்? நம் ஊரில் வெறுந்தேநீரோடு பனங்கட்டியைக் கடித்துக் குடிக்கும் வழக்கம் உண்டு. காலையில் ஒரு தரம் குடித்தாற் பெரிய கேடில்லை. நாளொன்றுக்கு ஆறு, ஏழு தரம் குடிப்பவரின் பல்லுக்கு ஓய்வேயில்லை. எவ்வளவு இனிப்பு என்பதைப் பார்க்கிலும் எத்தனை தரம் என்பதே பெரிய கேள்வியாகும்.

இவ்வுண்மை உறுதிப்பட்ட வரலாறு வருத்தத்துக்குரியது. சுவீடன் நாட்டில் வீப்பெகோம் என்னும் மனநலக் காப்பகத்திலே, 1945 ஆம் ஆண்டு தொடங்கி 436 நோயாளர் மீது பரிசோதனை நடத்தப்பட்டது. அவர்களுட் சிலருக்குப் பல்லில் ஒட்டும் டொபி இனிப்பு, உணவு வேளைகளுக்கு இடையில் கொடுக்கப்பட்டது. அவர்களின் பற்கள் பெரிதும் கெட்டன. 1954 இல் முடிவு வெளியாகியது. அம்மனிதரிடம் யாரும் சம்மதம் கேட்டிலர். கேட்டாலும் விளங்கிச் சொல்லும் நிலையிற் பலர் இல்லை. உலகம் இதிலிருந்து இரண்டு பாடங்களைக் கற்றது. ஒட்டும் இனிப்பை இடையிடையே உண்ணலாகாது என்பது ஒன்று. ஒருவருடைய வாயில் எது செய்வதாயினும் அவருக்கு விளங்கச் சொல்லி, அவர் சம்மதத்தைப் பெறவேண்டும் என்பது மற்றொன்று. அந்தச் சம்மதம் நமது உரிமை. அதனை நாம் கேள்வி கேளாமலே விட்டுக் கொடுத்து வருகின்றோம்.

இனி, முரசு நோய். இதைப்பற்றிய பெரும் பாடமொன்று நமது நாட்டு மலையகத்திலிருந்தே உலகுக்குக் கிடைத்தது. ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டு ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டத்தாரும் 1970 ஆம் ஆண்டு முதற் பதினைந்து வருடம் வரையில், இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரான 480 ஆண்களின் பற்களைக் காலத்துக்குக் காலம் பரிசோதித்து வந்தனர். அத்தொழிலாளருக்குப் பற்தூரிகை இல்லை. பல் வைத்தியர் இல்லை. அவர்களிடம் சூத்தை ஏறக்குறையக் காணப்படவேயில்லை. ஆனால் எல்லோர் வாயிலும் அழுக்கும் பற்கல்லும் படிந்திருந்தன. எல்லோர் முரசும் வீங்கியிருந்தது. 1986 இல் வெளியான முடிவு யாது? நூற்றுக்கு 8 பேருக்குப் பல்லைத் தாங்கும் எலும்பு விரைந்து கரைந்தது. நூற்றுக்கு 81 பேருக்கு நடுத்தர வேகத்திற் கரைந்தது. நூற்றுக்கு 11 பேருக்கு முரசு வீக்கத்துக்கு அப்பால் நோய் செல்லவேயில்லை. முதற் கூட்டத்தார் நாற்பத்தைந்து வயதளவில் ஏறக்குறைய எல்லாப் பற்களையும் இழந்துவிட்டனர்.

அன்பர்களே, இதிலே இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒரே தோட்டம், ஒரே உணவு, ஒரே அழுக்கு. ஆயினும் நோய் ஒரே அளவில் இல்லை. ஆகவே அயல்வீட்டாருக்குச் செய்த சிகிச்சையே நமக்கும் வேண்டும் என்று எண்ணுதல் தவறு. இஃது ஒன்று. சூத்தை கடைசியிலாவது நோவைத் தந்து எச்சரிக்கும். முரசு நோயோ பெரும்பாலும் நோவின்றியே பல்லைக் கொண்டுபோய்விடும். இஃது இரண்டாவது. பல் விளக்கும்போது இரத்தம் கசிதலே அதன் முதல் அறிவிப்பு. நம்மிற் பலர் இரத்தத்தைக் கண்டவுடன் அவ்விடத்தில் விளக்குவதை நிறுத்திவிடுகின்றனர். அவ்விடத்தையே மெதுவாக, நன்றாக விளக்க வேண்டும். வைத்தியரிடம் காட்டிப் பற்கல்லை எடுப்பிக்க வேண்டும். கல்லெடுத்தாற் பல் ஆடும் என்று அஞ்சுவோரும் உளர். எலும்பு கரைந்த பல்லின் ஆட்டத்தைக் கல் மறைத்து வைத்திருந்தது. கல் போனபின் அது வெளிப்படுகின்றது. கல்லெடுத்தமை அதன் காரணமன்று.

சலரோகம் உள்ளவர்கள் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். சலரோகம் முரசு நோயை வளர்க்கும். முரசு நோய் இரத்தத்திற் சீனியைக் கட்டுப்படுத்துதலை அரிதாக்கும்.

நோவு வந்தபின் செய்வது என்ன? நோவின் குணத்தை வைத்தே நோயின் எல்லையை ஓரளவு அறியலாம். குளிர்ந்த நீர் பட்டுக் கூசி, நீர் போனவுடன் கூச்சமும் போனால், உள்ளே நரம்பு பிழைத்திருக்கின்றது என்று நம்பலாம். அடைப்பு ஒன்றே போதுமாகலாம். கூச்சம் நெடுநேரம் நின்றாலும், இரவில் தானாக எழுந்து நித்திரையைக் கெடுத்தாலும், நோய் நரம்புவரை சென்றுவிட்டது என்று கொள்ளலாம். கடிக்கும்போது நோவதும், முரசிற் கொப்புளம் வைப்பதும் வேர்நுனியிற் சீழ் கொண்டதைக் காட்டலாம். பல நாள் வருத்திய நோவு ஒருநாள் திடீரென நின்றுவிட்டால், "சுகமாகிவிட்டது" என்று மகிழ்வோர் பலர். உள்ளே நரம்பு செத்துவிட்டது என்பதே அதன் பொருளாக இருத்தல் கூடும். கராம்பெண்ணெய் நோவைத் தணிக்கும், நோயைத் தீர்க்காது. பார்மசியில் தாமாக வாங்கி விழுங்கும் அன்ரிபயோட்டிக்கு குளிசைகளும் அவ்வாறே. முகம் வீங்கிக் காய்ச்சலும் கண்டால், அல்லது விழுங்குவதும் வாய் திறப்பதும் கடினமானால், அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

சூத்தை வெண்புள்ளி அளவில் நிற்கும்போது பல்லைத் துளைக்க வேண்டியதேயில்லை. புளோரைட்டுப் பூச்சும் நல்ல பழக்கமும் அதனைத் தடுத்து நிறுத்தும். குழி விழுந்தபின் அடைப்பு. நரம்பு கெட்டபின் வேர்ச் சிகிச்சை. பின்பற்களுக்குப் பெரும்பாலும் அதன்மேல் ஓர் உறையும் வேண்டும். இவற்றாலும் காக்க முடியாதபோதே கழற்றுதல். படி ஏற ஏறச் செலவும் நாளும் ஏறுகின்றன. நாம் போவதோ கடைசிப் படியில்.

கழற்றுதல் எப்பொழுதும் பிழையென்று சொல்ல வரவில்லை. வேர்ச் சிகிச்சைக்குப் பல தரம் போக வேண்டி வரலாம். எல்லா இடங்களிலும் அது கிடைப்பதுமில்லை. தனியாரிடம் செய்தாற் செலவு பெரிது. நாட்கூலிக்குச் செல்லும் ஒருவர் இவற்றையெல்லாம் கேட்டறிந்து, "கழற்றுவதே எனக்கு ஏற்றது" என்று முடிவு செய்தால் அதுவும் நல்ல முடிவே. வேறு வழியுண்டு என்பதை அறியாமலே கழற்றுவதுதான் துயரம். பல் போன இடத்துக்கு அயற்பல் சாயும், எதிர்ப்பல் நீளும். கட்டுப்பல், பாலம், எலும்பில் ஊன்றும் பல் என மாற்றுவழிகள் உண்டு. கடைசிக் கொடுப்புப் பல்லாயின் ஒன்றும் வையாது விடுதலும் ஒரு வழியே. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர், இரண்டு கிழமைக்குள் ஊன்றுபல் வைத்துப் போக வேண்டுமென்று விரைகின்றனர். 1965 இல் சுவீடனில் பிரனெமார்க் என்னும் பேராசிரியர் முதன்முதலாக மனிதர் ஒருவருக்கு ஊன்றிய அந்த முறை, எலும்பு உலோகத்தோடு பொருந்துவதை நம்பியது. அதற்குப் பெரும்பாலும் மாதங்கள் வேண்டும். விமானச் சீட்டின் நாளுக்கு எலும்பு அவசரப்படாது.

ஆகவே, கதிரையில் இருக்கும்போது ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். எனக்கு வந்திருக்கும் நோய் என்ன, அது எவ்வளவு தூரம் சென்றுள்ளது? இப்போது ஒன்றும் செய்யாது விட்டால் என்ன ஆகும்? என்னென்ன வழிகள் உண்டு? ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள், எவ்வளவு பணம், எத்தனை காலம் நிலைக்கும்? நான் வீட்டிற் செய்ய வேண்டியது என்ன? எக்ஸ்ரே படத்தைக் காட்டி விளக்கும்படியும் கேட்கலாம். நல்ல வைத்தியர் இக்கேள்விகளை விரும்புவார். அவசரமில்லாத பெரிய வேலையாயின், இரண்டு நாள் யோசித்தோ மற்றொரு வைத்தியரைக் கேட்டோ வருகின்றேன் என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

நாம் சொல்ல வேண்டியவையும் உண்டு. சலரோகம், இருதயத்தில் மாற்று வால்வு, பென்சிலின் ஒவ்வாமை, கர்ப்பம், எலும்புத் தேய்வுக்கு எடுக்கும் மருந்து, இரத்தம் உறையாதிருக்க எடுக்கும் குளிசை ஆகியவற்றை வைத்தியரிடம் மறையாமற் சொல்ல வேண்டும். கிளினிக்குக் கொப்பியையும் கையோடு கொண்டு போங்கள். பல் கழற்றப் போகின்றோமே என்று அக்குளிசையைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

தமிழிலே இவற்றையெல்லாம் விளக்க முடியுமா என்று ஐயுற வேண்டாம். 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவரைப் பயிற்றினார். அந்த மண்ணிலே, தன் பல்லைப்பற்றித் தன் மொழியிற் கேட்க ஒருவர் கூசலாமா?

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஏறக்குறைய ஆறு வயதில், பாற்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே முதற் கொடுப்புப் பல் முளைக்கும். அதனையும் பாற்பல் என்றெண்ணி, விழுந்து முளைக்குந்தானே என்று விட்டுவிடுகின்றனர். அது விழுந்தால் மறுபடி முளையாது. பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் கடிதம் வந்தால், அதனைப் புத்தகப் பைக்குள் உறங்க விடாதீர்கள். புளோரைட்டு உள்ள பற்பசையால் இரண்டு வேளையும் விளக்குவியுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசியளவு பசை போதும். உமிக்கரியும் செங்கட்டித்தூளும் பல்லைத் தேய்ப்பன; அவற்றை விட்டுவிடுவதே நன்று.

பெரியோர்களுக்கும் ஒரு வார்த்தை. வெற்றிலைத் தட்டம் நமது உபசாரத்தின் அடையாளம். புகையிலை நமது தோட்டங்களின் செல்வமாக இருந்தது. ஆயினும் உண்மையை மறைக்கலாகாது. புகையிலை சேர்ந்த வெற்றிலை மாத்திரமன்று, பாக்குத் தானே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004 இல் வெளியிட்ட நூல் உறுதிப்படுத்தியது. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்னணியில் நிற்கின்றது. இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, உறைப்புப் பட்டால் எரிவு, வாய் திறப்புக் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் நோவில்லையே என்று இராதீர்கள். தெல்லிப்பழையில் 2013 முதற் புற்றுநோய் வைத்தியசாலை இயங்குகின்றது. தொடக்கத்திலே காட்டியவருக்குச் சிகிச்சை சிறிது, நம்பிக்கை பெரிது.

வாலிப அன்பர்களே, யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலும் அரசாங்கப் பற்சிகிச்சை உண்டு. தனியாரிடம் செல்வோர், அவர் இலங்கை மருத்துவப் பேரவையிற் பதிவு பெற்றவரா என்று பார்த்துச் செல்லுக. நீங்கள் செய்யக்கூடிய தொண்டு இது: நோவில்லாத ஒரு நாளிலே, உங்கள் வீட்டிலுள்ள தாத்தாவையோ அம்மம்மாவையோ தங்கையையோ பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள், பக்கத்தில் நின்று, அவர் கேட்கத் தயங்கும் கேள்வியை நீங்கள் கேளுங்கள். காசு வேண்டாத தொண்டு இது. ஒரு காலைப்பொழுது போதும்.