அக்கியும் கண் பிரஷரும்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

சேமிப்பு, கடன் எல்லாம் பேசியாச்சு. நான் என் மாமியார் கண்ணைப் பத்திப் பேச வந்திருக்கேன்.

அவங்களுக்கு நெற்றியில வலது பக்கம் மட்டும் அக்கி வந்தது. புருவத்திலிருந்து மூக்கு நுனி வரை கொப்புளம். வேளார் வீட்டுக்குப் போய்க் காவி எழுதினோம். எழுதினது தப்பில்லை, மனசுக்கு ஆறுதல். அதோட நின்னதுதான் தப்பு. அக்கி, சின்ன வயசுல வந்த சின்னம்மைக் கிருமிதான். நரம்புல பதுங்கியிருந்து, உடம்பு தளரும்போது திரும்ப வரும். மூக்கு நுனிக்குப் போற நரம்புதான் கண்ணுக்குள்ளும் போகுது. அங்கே கொப்புளம் வந்தா அன்னைக்கே கண் டாக்டரைப் பாக்கணும். 3 நாளுக்குள் மாத்திரை ஆரம்பிச்சா ரொம்ப நல்லது.

எங்களுக்கு அது தெரியல. கொப்புளம் காஞ்ச பிறகு கண் சிவந்தது. மருந்துக்கடையில கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கினோம். ரெண்டே நாள்ல சிவப்பு போச்சு. நிறுத்தினா திரும்பச் சிவக்கும். திரும்பவும் அதே பாட்டில். இப்படியே நாலு மாசம். அப்புறம் லைட்டைச் சுத்தி வானவில் மாதிரி வளையம் தெரியுதுன்னாங்க. ஒத்தத் தலைவலி, வாந்தி. நான் வெயில்னு நினைச்சு மோர் கொடுத்தேன்.

குழுவுல அவசரக் கடன் வாங்கி, அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். 1976-ல டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோட ஆரம்பிச்சது. கண்ணுக்குள்ள பிரஷர் 10-லிருந்து 21 வரை இருக்கலாமாம். அவங்களுக்கு 44.

கண்ணுக்குள்ள ஒரு நீர் ஊறிக்கிட்டே இருக்கும். ஓரத்துல சல்லடை மாதிரி ஒண்ணு வழியா வடியும், நம்ம கண்மாய் மடை மாதிரி. கிருமியால அது வீங்கிப்போனா நீர் தேங்கிப் பார்வை நரம்பை அழுத்தும். கண்புரைன்னா ஆபரேஷன்ல சரியாகும். இந்த நரம்பு செத்தா திரும்பாது. நாங்க போட்டது ஸ்டீராய்டு மருந்து. சிவப்பை அடக்கும், கிருமியைக் கொல்லாது. நாள்கணக்கா போட்டா சிலருக்கு அதுவே பிரஷரை ஏத்தும். டாக்டரும் அதைக் கொடுக்கிறது உண்டு. ஆனா அளவா, பிரஷரைப் பாத்துப் பாத்து. உதட்டுல காய்ச்சல் கொப்புளம் வருமே, அந்தக் கிருமியும் கண்ணுக்குப் போய் இதே வேலையைச் செய்யும். கண்ணுல அந்தப் புண் இருக்கும்போது இந்தச் சொட்டைப் போட்டா புண் இன்னும் பரவும்.

இப்ப பிரஷர் கட்டுக்குள்ள இருக்கு. போன பார்வை போனதுதான். அத்தை மூணாவது வரிசையில உக்காந்திருக்காங்க. பேசப் போறவங்க இடது பக்கமா போங்க. வலது பக்கம் ஆள் வர்றது தெரியாம திடுக்கிட்டுப் போறாங்க.