சித்தூரை எட்டிய காவிரி மின்சாரம்

சித்தூர் மாவட்டத்தில் மலைகளுக்குக் குறைவில்லை. ஆனால் திருப்பதியை அடுத்து ஓடும் சுவர்ணமுகி, மழைக்காலத்தில் பெருகிப் பின்னர் மணலாய்க் கிடக்கும் ஆறு. ஆண்டு முழுவதும் நீரோட்டம் இல்லாத அதில் பெரிய மின்நிலையத்துக்கு வழியில்லை. ஆகவே இப்பகுதியின் மின்சார வரலாற்றைக் காவிரிக் கரையில்தான் தேட வேண்டும்.

1902ஆம் ஆண்டில் மைசூர் அரசு சிவசமுத்திரம் அருவியிலிருந்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பியது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளுள் அது ஒன்று. சுரங்கங்களோ சித்தூர் மாவட்டத்துக் குப்பத்தின் அண்டையில் இருந்தன. எனினும் மின்சாரம் தங்கம் தோண்டும் எந்திரங்களுக்கே சென்றது. குப்பத்து உழவர் மாடு கட்டியே நீர் இறைத்தார்.

சென்னை மாகாணத்தில் 1932இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. நீலகிரிச் சரிவில் நீர் 900 மீட்டருக்கு மேல் இறங்குவதால், குறைந்த நீரே மிகுந்த மின்சாரம் தந்தது. 1937இல் தொடங்கிய மேட்டூரின் நிலை வேறு. அங்கே பாசனத்துக்குத் திறக்கும் நீரே சுழலியைச் சுற்றியது. மதகை மூடினால் உற்பத்தி சரியும். இரண்டையும் ஒரே மின்தொடரில் இணைத்தது பொறியாளர்களின் சிறந்த முடிவு. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த சித்தூருக்கும் மேட்டூர்க் கம்பி வந்தது. கிணறுகளில் மின் இறைப்பான்கள் ஓடலாயின.

1953இல் மாவட்டம் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. கம்பிகள் தெற்கிலிருந்தே வந்தன. அண்டை மாநிலத்திடம் மின்சாரம் வாங்க வேண்டியதாயிற்று.