இயற்பியலும் நம்ம வீட்டுப் பிள்ளைகளும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குச் சொந்த ஊர் பொன்னேரி பக்கம் ஒரு கிராமம். பத்தாவது வரைக்கும் படிச்சேன். கல்யாணம் ஆகி எம்.கே.பி. நகர் வந்து 19 வருஷம் ஆகுது. சேமிப்பு, கடன் பத்தி பேச இங்க நிறைய பேர் இருக்காங்க. அதனால நான் வேற ஒண்ணு பேசறேன்னு தலைவி அக்காகிட்ட கேட்டுக்கிட்டேன். நீட் பரீட்சைக்குப் படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கு இயற்பியல் ஏன் இவ்வளவு கஷ்டமா இருக்கு, படிக்காத அம்மாக்கள் நாம அதுக்கு என்ன செய்யலாம் என்பதுதான் என் பேச்சு.

முதல்ல பரீட்சையைப் பத்தி எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்லிடறேன். மொத்தம் 180 கேள்வி, 180 நிமிஷம், 720 மார்க். உயிரியல் 90 கேள்வி, வேதியியல் 45, இயற்பியல் 45. சரியான விடைக்கு 4 மார்க். தப்பா எழுதினா இருக்கிற மார்க்குல ஒண்ணு போயிடும். எழுதாம விட்டா ஒண்ணும் போகாது. கால்குலேட்டர் கிடையாது.

உயிரியலை நம்ம பிள்ளைகள் ராத்திரி பகலா படிச்சு மனசுல ஏத்திக்கறாங்க. வேதியியலிலும் பாதி அப்படி ஏறிடும். இயற்பியல் அப்படி ஏறாது. அங்கதான் நம்ம பிள்ளைகள் விழறாங்க.

அரியலூர் அனிதாவை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். 2017ல் பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கினாள். இயற்பியலில் 200க்கு 200. பழைய முறைப்படி மருத்துவத்துக்கு அவள் கட் ஆஃப் 196.75. அதே வருஷம் நீட்டில் 720க்கு 86. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் நின்னாள். அந்த வருஷம் செப்டம்பர் 1ஆம் தேதி அவளை நாம இழந்தோம்.

இயற்பியலில் நூத்துக்கு நூறு வாங்கின பொண்ணுக்கு இயற்பியல் தெரியாதுன்னு யாராவது சொல்ல முடியுமா? அவளுக்கு மூளை இருந்தது, உழைப்பும் இருந்தது. அவள் படிச்ச இயற்பியல் வேற மாதிரி, அங்க கேட்ட இயற்பியல் வேற மாதிரி. இதை நாம புரிஞ்சுக்கணும். ஏன்னா, "உனக்கு மண்டையில ஏறல"ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், பிள்ளை உடைஞ்சு போயிடும்.

வேற மாதிரின்னா எப்படி? பள்ளிப் பரீட்சையில் "நியூட்டனின் இரண்டாம் விதியைக் கூறுக"ன்னு வரும். மனப்பாடமா எழுதினா மார்க். நீட்டில் விதியைக் கேட்க மாட்டாங்க. 50 கிலோ எடையுள்ள ஒருத்தர் லிஃப்டுல நிக்கிறார், லிஃப்ட் இவ்வளவு முடுக்கத்தோட மேலே போகுது, அவர் கால் லிஃப்டோட தரையை எவ்வளவு விசையோட அழுத்தும்னு கேட்பாங்க. ஒரு நிமிஷத்துல கணக்குப் போட்டு விடையைக் குறிக்கணும். ஆஸ்பத்திரி லிஃப்ட் மேலே கிளம்பும்போது ஒரு நொடி கால் கனக்குதே, அந்தக் கனம்தான் கேள்வி. அந்தக் கனம் நமக்கு உடம்புல தெரியும். பிள்ளைக்கு விதி தெரியும். ரெண்டையும் சேர்த்துப் பார்க்க யாரும் சொல்லித் தரல.

என் பொண்ணு கதையைச் சொல்றேன். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளி, தமிழ் வழி. போன 2025 மே மாசம் முதல் தடவை நீட் எழுதினாள். அந்த வருஷம் இயற்பியல் ரொம்ப நீளம்னு எல்லா ஊர்ப் பிள்ளைகளும் சொன்னாங்க. பொதுப் பிரிவுக்குத் தகுதி மார்க்கே 2024ல் 162 இருந்தது, 2025ல் 144க்கு இறங்கிடுச்சு. என் பொண்ணு இயற்பியலில் 40 கேள்விக்கு விடை போட்டாள். சரியானது 12, தப்பு 28. பன்னிரண்டு நாலு 48. அதுல 28 போச்சு. மிச்சம் 20 மார்க்.

அதுக்கு முன்னாடி ஒரு கோச்சிங் சென்டர்ல சேர்த்திருந்தோம். அந்தப் பணம் நம்ம குழுவில் வாங்கின உள்கடன்தான். ஒரே ரூம்ல நூறு பிள்ளைக்கு மேல. சார் போர்டுல வேகமா போட்டுக்கிட்டே போவார், எல்லாம் இங்கிலீஷ். எழுந்து கேட்க இவளுக்குக் கூச்சம். கடனை நான் மாசா மாசம் கட்டி முடிச்சுட்டேன். ஆனா பாடம் பாதியிலேயே நின்னுடுச்சு.

இந்த வருஷம் நாங்க வீட்டிலேயே சில விஷயம் மாத்தினோம். எல்லா அம்மாவும் செய்யக்கூடியதுதான்.

ஒண்ணு, பதினொன்றாம் வகுப்புப் புத்தகம். நீட் இயற்பியல் பாடத்திட்டத்துல 20 அலகு. முதல் 10 அலகும் பதினொன்றாவது பாடம். இயக்கம், விசை, வேலை, ஆற்றல், சுழற்சி, ஈர்ப்பு, வெப்பம், அலை எல்லாம் அங்கதான். பன்னிரண்டாவது வந்ததும் அந்தப் புத்தகத்தைப் பரண்ல போட்டுடறோம், இல்லன்னா பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடறோம். 2025-26 கல்வி ஆண்டிலிருந்து பதினொன்றாவதுக்குப் பொதுத் தேர்வும் இல்ல. பிள்ளைக்குப் பாரம் குறைஞ்சது நல்லதுதான். ஆனா பரீட்சை இல்லன்னு பாடத்தை விட்டுடக் கூடாது. அது அஸ்திவாரம் மாதிரி.

ரெண்டு, நான் கேட்பேன், அவள் சொல்லணும். ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்துல உட்கார வெச்சு, "இன்னிக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லு"ன்னு கேட்பேன். திருப்பு விசைன்னாள். அது என்னன்னு கேட்டேன். கதவைக் கீல் பக்கத்துல தள்ளினா கஷ்டம், கைப்பிடி பக்கத்துல தள்ளினா சுலபம், அதான்மான்னாள். கரண்டு பாடம் வந்தப்போ நம்ம இ.பி. கார்டை எடுத்துக் காட்டினேன். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட்டுன்னு கணக்குப் போட்டுக் காட்டினாள். குக்கர்ல பருப்பு ஏன் சீக்கிரம் வேகுதுன்னு கேட்டேன். உள்ள அழுத்தம் கூடினா தண்ணி கொதிக்கிற சூடும் கூடும், 100 டிகிரியைத் தாண்டும்னாள். சில நாள் சொல்லத் தெரியாம முழிப்பாள். அப்போ அவளே புத்தகத்தைத் திரும்ப எடுப்பாள். எனக்குப் புரியற மாதிரி சொல்ல முடியலன்னா, தனக்கே இன்னும் புரியலன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. இதுக்கு நாம டிகிரி படிச்சிருக்க வேண்டாம். காது கொடுத்தா போதும்.

மூணு, தப்பு நோட்டு. குழுவில் வரவு செலவு எழுதற மாதிரி ஒரு நோட்டு. தப்பான ஒவ்வொரு கணக்கையும் அதுல எழுதி, ஏன் தப்பாச்சுன்னு பக்கத்துல எழுதணும். கேள்வி புரியலையா, சூத்திரம் மறந்துதா, பெருக்கல்ல தப்பா? ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தா பாதி தப்பு இயற்பியலே இல்ல. பின்னம், தசமம், பத்தின் அடுக்கு. எல்லாம் எட்டாவது ஒன்பதாவது கணக்கு. அதைச் சரி பண்ண ஒரு மாசம் ஆச்சு.

நாலு, ரெண்டு மொழியிலும் வார்த்தை தெரியணும். தமிழ்ல எழுதற பிள்ளைக்கு வினாத்தாள்ல தமிழும் இங்கிலீஷும் சேர்ந்தே இருக்கும். ரெண்டுக்கும் வித்தியாசம் வந்தா இங்கிலீஷ்ல இருக்கிறதுதான் செல்லும். 2018ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்வியில் மொழிபெயர்ப்புத் தப்புன்னு வழக்கு போட்டாங்க. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மார்க் கொடுக்கச் சொல்லிச்சு. உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. அதனால இப்ப என் பொண்ணு முடுக்கம்னா ஆக்சிலரேஷன், உந்தம்னா மொமென்டம், திருப்பு விசைன்னா டார்க்னு ரெண்டையும் எழுதி சுவத்துல ஒட்டியிருக்காள். நானும் அடுப்படிக்குப் போகும்போதும் வரும்போதும் படிக்கிறேன்.

அஞ்சு, தெரியாததை விட்டுடற தைரியம். போன வாரம் எழுதின மாதிரித் தேர்வுல இயற்பியலில் 26 கேள்விதான் எழுதினாள். 20 சரி, 6 தப்பு. எண்பதுல ஆறு போய் 74. போன வருஷம் 40 கேள்வி எழுதி 20 மார்க், இப்ப 26 எழுதி 74. சீட்டு கிடைக்குமான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. வரப்போற மே மாசம்தான் பரீட்சை. ஆனா ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படிச்சவங்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் வந்தது. அந்த இடத்துக்கு நம்ம பிள்ளை போட்டி போடறது இன்னொரு அரசுப் பள்ளிப் பிள்ளையோடதான். அங்க இயற்பியலில் கூடுதலா வர்ற 50 மார்க் பெரிய மார்க்.

இன்னும் ஒண்ணு சொல்லணும். நீட் ஒரு வாசல்தான். நம்ம தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம், கால்நடை மருத்துவம், வேளாண்மைக்குப் பிளஸ் டூ மார்க் வெச்சே இடம் தர்றாங்க. 2007லிருந்து இன்ஜினியரிங்குக்கும் அப்படித்தான். இதைப் பிள்ளைகிட்ட பரீட்சைக்கு முன்னாடியே சொல்லி வைக்கணும். "இது கிடைக்கலன்னா எல்லாம் போச்சு"ங்கிற நினைப்பே நம்ம வீட்டுக்குள்ள வரக் கூடாது. ரிசல்ட் வர்ற அன்னிக்கு எந்தப் பிள்ளையையும் தனியா விடாதீங்க. பிள்ளை சாப்பிடாம, தூங்காம, பேசாம இருந்தா 104க்கோ 14416க்கோ போன் பண்ணுங்க. ஆறுதலா பேசுவாங்க, காசு கிடையாது.

கடைசியா கூட்டமைப்புக்கு மூணு வேண்டுகோள். இந்தக் கட்டடம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பூட்டியே கிடக்குது. ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும் பிள்ளைகள் படிக்கத் திறந்து விடணும். ஒரே ரூம் வீட்டுல டிவி சத்தத்துக்கு நடுவுல இயற்பியல் கணக்கு வராது. திறந்து மூட நாம முறை வெச்சுக்கலாம். ரெண்டாவது, ஒவ்வொரு குழுவும் வீட்டுல கிடக்கிற பதினொன்றாவது, பன்னிரண்டாவது புத்தகத்தை இங்க கொண்டு வந்து கொடுக்கணும். மூணாவது, வியாசர்பாடி அம்பேத்கர் கலைக் கல்லூரி நமக்குப் பக்கத்துலதான் இருக்கு. கல்லூரியில் படிக்கிற நம்ம குழுப் பிள்ளைகள் வாரத்துல ரெண்டு நாள் வந்து கணக்கும் இயற்பியலும் சொல்லித் தரணும். கூச்சம் இல்லாம கேட்க நம்ம தெரு அண்ணன், அக்கா இருந்தா போதும். இதை அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானமா எழுதணும்னு கேட்டுக்கறேன். முதல் வாரம் சாவியை நான் வாங்கிக்கறேன்.

இங்க இருக்கிற நிறைய பேர் பிள்ளை பெத்தது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில். உடம்புக்கு முடியலன்னா ஓடறது ஸ்டான்லிக்கு. அந்த வார்டுல ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கிட்டு வர்றது நம்ம தெருப் பொண்ணா இருக்கணும். இன்னிக்கு அவளுக்கும் அந்த வார்டுக்கும் நடுவுல நிக்கிறது 45 கேள்வி. அதை அவள் ஒருத்தியா தள்ள முடியாது. கைப்பிடி பக்கத்துல நாமளும் நின்னு சேர்ந்து தள்ளுவோம்.