கறிவேப்பிலைத் தொட்டி கற்பிக்கும் பாடம்



தில்லியில் குடியேறிய நாம், சமையலுக்கென்று தொட்டியில் கறிவேப்பிலைச் செடி வளர்க்கின்றோம். அதில் புழுவைக் கண்டதும் நசுக்குகின்றோம். அருகில் நிற்கும் குழந்தையும் அதையே கற்றுக்கொள்கின்றது. அப்புழு, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குழந்தைப் பருவம் அன்றோ? இளமையில் பறவை எச்சம்போல் தோன்றிப் பகைவரை ஏய்க்கும் அது, இறுதித் தோலுரிப்பிற்குப்பின் இலையையொத்த பசுமை பெறுகின்றது. தீண்டினால் பிளவுபட்ட செங்கொம்பை நீட்டி நாற்றம் வீசுகின்றது. முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி ஆகிய 4 நிலைகளையும் வெயில் நாட்களில் சில வாரங்களுக்குள் குழந்தைகள் கண்டு குறித்து வைக்கலாம்.

ஆகவே, அடுக்களைக்கு ஒரு செடி, புழுவுக்கு ஒரு செடி என்று வைப்போம், பூச்சிமருந்து தெளிக்காதிருப்போம். ஊர்க் கொல்லை நமக்கு அளித்த கல்வியை, நம் மக்களுக்கு இத்தொட்டியேனும் அளிக்கட்டும்!