கால் ரணமும் வேலைத் திறமையும்
(வால்பாறையில் தோட்டத் தொழிலாளரிடையே நிகழ்த்திய உபந்நியாசம்)



சரிவில் நாள்முழுதும் நின்று கொழுந்து பறிக்கும் உங்களுக்குக் காலே மூலதனம். மழையும் சேறும் அட்டைக்கடியும் மிகுந்த இம்மலையில் காலில் புண் உண்டாவது சகஜம். "சிறு புண்தான், வலியுமில்லை" என்று துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறவர் அநேகர். அளவையும் வலியையும் மட்டும் கொண்டு ரணத்தை மதிப்பிடுவது பெரும் பிழையாகும்.

வலியில்லாத புண்ணே அதிகம் அஞ்சத்தக்கது. 1946-ஆம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் பாதம் தானாக அழுகுவதில்லையென்றும், உணர்ச்சியற்ற காலைக் காயத்தோடு ஊன்றி நடப்பதாலேயே அழிகிறதென்றும் விளக்கினார். நீரிழிவினால் மரத்த பாதத்துக்கும் இது பொருந்தும். தொழுநோயில் பாதத்தின் குறைவை உலக சுகாதார ஸ்தாபனம் மூன்று படிகளாக வகுத்துள்ளது. உணர்ச்சியும் உருவமும் கெடாதது 0. உணர்ச்சி மட்டும் கெட்டது 1. ரணமோ உருக்குலைவோ கண்ணுக்குப் புலப்படுவது 2. புண் தோன்றுமுன்பே மரத்த பாதம் குறைவுள்ளதாகக் கணிக்கப்படுவதைக் கவனியுங்கள்.

ஆகவே பரிசோதிக்க வேண்டியவை நான்கு. முதலாவது உணர்ச்சி: கண்ணை மூடச்செய்து, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பர். இரண்டாவது இரத்த ஓட்டம்: புறங்காலிலும் உட்கணுக்காலின் பின்புறத்திலும் நாடி துடிக்கிறதா என்பது. மூன்றாவது காலம்: எத்தனை வாரமாக ஆறவில்லை, எத்தனை முறை ஆறித் திரும்ப உடைந்தது என்பது. நான்காவது செய்கை: எவ்வளவு நேரம் நிற்கவும், எவ்வளவு தூரம் நடக்கவும், சுமையோடு மேடேறவும், செருப்பணியவும் இயலுகிறது என்பது. சிகிச்சை நடக்கும்போதே நிரந்தரக் குறைவென்று தீர்மானித்தலாகாது.

நான்காவதே பிழைப்பைக் காட்டுவது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில், கால் பெருவிரல் அடியோடு போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 14 பங்கு நஷ்டமென்று குறிக்கப்பட்டிருந்தது. ஆறாத ரணத்துக்கு அவ்வாறு பங்கு குறிக்கப்படவில்லை. அட்டவணையில் இல்லாத காயத்தின் நஷ்டத்தை வைத்தியரே மதிப்பிட வேண்டியிருந்தது. வைத்தியர் எதைக்கொண்டு மதிப்பிடுவார்? நீங்கள் கொண்டுவரும் விவரத்தைக் கொண்டன்றோ!

ஆதலின் வேலையில் அடிபட்ட தேதி, புண்ணின் நீள அகலம், வேலை நின்ற நாட்கள், ஆஸ்பத்திரிச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் சேர்த்து வையுங்கள். வலியற்ற புண்ணாயின் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். கூலி போகுமென்று ரணத்தை மறைத்தால், பின்னர்க் கூலியோடு காலும் போய்விடக்கூடும்.